தோள்பட்டையில் ஓர் எண்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் படத்துக்கு விலை கிடையாது, சட்டத்துக்குத்தான் விலை. பர்மாத் தேக்கா, வேறு மரமா, மூலை விட்டிருக்கிறதா, கண்ணாடி பழைய கண்ணாடிதானா என்பதோடு பேரம் முடிந்துவிடும். உள்ளே இருப்பவர் யார் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. சட்டம் தனியாக விலை போனால், படத்தை உருவிக் கட்டோடு கட்டாகப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். அந்தக் கட்டில் ஒரே ஒரு வகைப் படத்துக்கு மட்டும் தனி மரியாதை உண்டு. உடுப்புப் போட்ட ஆள் நிற்கும் படம். "பட்டாளத்துப் படம்ண்ணே, விக்டோரியா ராணி காலம்" என்று சொல்லித்தான் எடுத்து நீட்டுவார்கள். விலையும் அதற்கேற்ப ஏறும்.

விக்டோரியா ராணி இறந்தது 1901 ஜனவரி 22. நான் பார்த்தவரையில், இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து வெளியே வரும் உடுப்புப் படங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. 1914 போர்க் காலத்துப் படங்கள் கொஞ்சம், 1939 போர்க் காலத்துப் படங்கள் நிறைய. அசல் விக்டோரியா காலத்துத் தமிழ்ச் சிப்பாயின் படம் அபூர்வம். அது ஏன் அபூர்வமாயிற்று, கிடைத்தால் எப்படி அடையாளம் காண்பது என்பதெல்லாம், அந்த உடுப்பு இந்தச் சீமைக்குள் வந்து, ஒரு காகிதத்தில் படிந்து, சுவரேறி, கடைக்கு இறங்கிய வழியைப் பார்த்தால்தான் விளங்கும்.

உடுப்பு இங்கே வந்தது படமாக இல்லை, படையாக. எங்கள் திருக்கோஷ்டியூர் என்றால் எல்லோருக்கும் ராமானுஜரும் கோபுரமும் மாசித் தெப்பமும்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது திருப்பத்தூர். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைக் கும்பினியார் தூக்கிலிட்டது அங்கேதான். அதே மாதத் தொடக்கத்தில் காளையார்கோயில் விழுந்திருந்தது. கர்னல் அக்னியூ நடத்தி வந்த அந்தப் படையில் வெள்ளைக்காரர்களோடு சென்னை ராஜதானிச் சிப்பாய்களும் இருந்தார்கள். மேலே சிவப்புக் குட்டைக் கோட்டு, கீழே முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளை அரைக்கால் சட்டை, தலையில் கட்டு, காலில் செருப்பு. இந்த வட்டாரத்துச் சனங்கள் அந்தச் சிவப்புக் கோட்டைத் திரளாகப் பார்த்த காட்சி அதுதான். படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, தனக்கு வேலும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று 1830இல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். கற்றுக்கொண்டவர் கற்றுக்கொடுத்தவரைப் பிடிக்க வந்த படையோடு வந்தார். அந்தக் கோட்டைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது என்பது என் கட்சி.

ஐந்து வருஷத்துக்குள் உடுப்பே ஒரு கலகத்துக்குக் காரணமாயிற்று. சென்னைப் படைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வந்தது. துணியைச் சுற்றிக் கட்டுவதல்ல, தொப்பி மாதிரி வார்ப்பாகச் செய்தது, தோலில் ஒரு குஞ்சமும் வைத்தது. அதோடு காதில் கடுக்கன் கூடாது, நெற்றியில் நாமம் திருநீறு கூடாது, தாடி மீசைக்கும் விதி. தொப்பி போட்டால் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சுப் பரவியது. மறுத்தவர்களில் இரண்டு பேருக்குத் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி தீர்ப்பாயிற்று. 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டை வெடித்தது. அன்றே ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து அடக்கினார். பிறகு தலைப்பாகை உத்தரவு ரத்து, கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பின்னால் வந்த படங்களில் சென்னைச் சிப்பாயின் தலையில் விதவிதமாகக் கட்டுகள் தெரியும். அந்தக் கட்டை யார் முடிவு செய்வது என்பதற்கு நூற்றுக்கணக்கான உயிர் போயிருக்கிறது. அதனால்தான் படத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் தலையைப் பார்ப்பேன், முகத்தை அப்புறம்தான்.

இந்தப் பக்கத்துக்குக் காமிராவைக் கொண்டுவந்ததும் ஒரு பட்டாளத்துக்காரர்தான். லின்னேயஸ் ட்ரைப், சென்னை 12ஆம் காலாட்படையின் கேப்டன். 1855இல் ஆவா அரசவைக்குப் போன தூதுக்குழுவோடு பர்மா போய்ப் படம் எடுத்தவர். மறு வருஷம் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் ஆனார். மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை என்று சுற்றி அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வந்தன. மெழுகு பூசிய காகித நெகட்டிவ், பெரிய பெட்டி, நீண்ட நேர வெளிச்சம். கோயிலும் குளமும் அசையாமல் நின்றன, மனிதர்கள் நிற்கவில்லை. ஆகவே ட்ரைப்பின் படங்களில் நம் முன்னோர் அநேகமாக இல்லை. பர்மாவுக்குச் சிப்பாயும் காமிராவும் செட்டியார் பெட்டகமும் போனது மட்டும் கவனிக்கத் தக்கது. மூன்றும் கடைசியில் ஒரே வீட்டு முகப்பில் வந்து சேர்ந்தன.

சாதாரண மனிதனைப் படத்துக்குள் கொண்டுவந்தது பாரிஸ்காரர் திஸ்தேரி. 1854இல் அவர் உரிமம் வாங்கிய முறையில் ஒரே கண்ணாடித் தட்டில் பல சிறு படங்கள் எடுக்கலாம். ஒவ்வொன்றையும் வெட்டி விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டிக் கொடுப்பார்கள். அட்டை ஏறத்தாழ 64க்கு 100 மில்லிமீட்டர். 1866 வாக்கில் கேபினட் என்ற பெரிய அட்டை, 108க்கு 165. இந்த இரண்டு அளவும் மனப்பாடமாக இருந்தால் கடையில் பாதி வேலை முடிந்தது. அட்டையில் ஒட்டிய காகிதம் மெல்லியதாக, முட்டை வெள்ளைக்கரு பூசிய பளபளப்போடு, மஞ்சள் பாய்ந்த பழுப்பாக இருக்கும். அந்தக் காகிதம் 1890களில் மெல்லப் பின்வாங்கியது. முதுகில் தபால் கார்டு மாதிரி கோடு அச்சிட்ட தனிக் காகிதமாக இருந்தால், விக்டோரியா ராணியை மறந்துவிடலாம். அது அடுத்த நூற்றாண்டுச் சரக்கு.

ஸ்டூடியோ எங்கே இருந்தது? கண்டோன்மெண்ட் எங்கே இருந்ததோ அங்கே. சென்னையில் நிக்கலஸ் கம்பெனியும் பிறகு வீல் அண்டு கிளைனும் பெயர் வாங்கியவர்கள். பெங்களூர், திருச்சி, செகந்தராபாத் ஆகிய படை ஊர்களில் சிப்பாய்க்குப் படம் எடுக்கக் கடை கிடைத்தது. சென்னைப் படைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வங்காளப் படைச் சிப்பாய் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வருவான். சென்னைச் சிப்பாய் பெண்டு பிள்ளைகளோடு லைன் வீட்டில் குடியிருப்பான், படை நகர்ந்தால் குடும்பமும் பின்னாலேயே நகரும். உடுப்பில் கணவன், பக்கத்தில் கண்டாங்கிச் சேலையில் மனைவி, மடியில் பிள்ளை என்று ஒரு படம் கிடைத்தால் ஊரில் எடுத்ததென்று முடிவு கட்டிவிடக்கூடாது. பிள்ளை பிறந்ததே பெல்லாரியிலோ மௌல்மேனிலோ இருக்கலாம்.

இனி நிறம். பழைய படத்தில் அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டுக்கு நீல ஒளி மட்டும் தெரியும், சிவப்பு தெரியாது. சிவப்புக் கோட்டு அநேகமாகக் கறுப்பாக விழும். மஞ்சள் பட்டியும் இருண்டு போகும். நீலமோ வெளிறி, சில சமயம் வெள்ளைக்குப் பக்கத்தில் போய்விடும். படத்தைப் பார்த்து "கறுப்புக் கோட்டு, போலீஸ்காரர் போல" என்று சொல்கிறவர் ஒரு சிவப்புக் கோட்டுச் சிப்பாயை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார். மெடல் நாடாவிலும் இதே வில்லங்கம். பர்மாப் போருக்கு, அதாவது மண்டலே விழுந்த 1885 முதல் 1887 வரை நடந்த சண்டைக்குக் கொடுத்த இந்தியப் பொதுச் சேவை மெடலின் நாடா சிவப்பு, அதில் இரண்டு கருநீலக் கோடு. படத்தில் சிவப்பு இருண்டும் கோடு அதைவிட வெளிறியும் விழக்கூடும். நிறத்தை நம்பாதே, கோட்டை எண்ணு என்பார்கள் இதில் பழகியவர்கள். கோட்டின் எண்ணிக்கை பொய் சொல்லாது.

காக்கி இதற்கெல்லாம் விதிவிலக்கு. 1840களில் வடமேற்கு எல்லையில் லம்ஸ்டன் தன் கைட்ஸ் படைக்கு உடுத்தத் தொடங்கிய புழுதி நிறம் அது. படத்தில் அநேகமாகச் சாம்பலாக விழும். காக்கி வந்த பிறகும் சிவப்புக் கோட்டு அணிவகுப்புக்கென்று 1914 வரை பெட்டியில் இருந்தது. ஆகவே இருண்ட கோட்டு என்பதாலேயே விக்டோரியா காலம் என்றும் ஆகாது. அதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி கிரீடத்தில் இருக்கிறது. பித்தளைப் பொத்தான், பெல்ட்டுத் தகடு, தொப்பிச் சின்னம் இவற்றில் பெரும்பாலும் ஒரு கிரீடம் உண்டு. விக்டோரியா காலத்து வார்ப்பில் கிரீடத்தின் இரண்டு வளைவும் மேலே ஏறி, நடுவில் கொஞ்சம் தொய்ந்து இறங்கும், தோள் மாதிரி இரண்டு பக்கம் உயர்ந்து தெரியும். 1901க்குப் பிறகு ஏழாம் எட்வர்ட் காலத்திலிருந்து அது ஒரே கூம்பலாக, கவிழ்த்த கிண்ணமாக உருண்டுவிட்டது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, அல்லது நல்ல ஸ்கேனர் இருந்தால் போதும். பொத்தானில் தெரியாவிட்டாலும் பெல்ட்டுத் தகட்டில் தெரிந்துவிடும். தொய்ந்த கிரீடமும் முட்டைக் காகிதமும் சேர்ந்து வந்தால், கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாம்.

தலைக்கட்டில் யாருக்கும் சந்தேகம் வராத ஒன்று உண்டு, சென்னைச் சாப்பர்களுடையது. 1780 செப்டம்பர் 30ஐப் பிறந்த நாளாகக் கொண்டாடும் படை அது. இன்று பெங்களூரில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, சுரங்கம் வைப்பது அவர்கள் வேலை. விளிம்பில்லாத உருளைத் தொப்பி போல ஒட்டக் கட்டிய அந்தத் தலைக்கட்டுக்கு டூப்டா என்று பேர். மற்ற படைகளில் அதைப் பார்க்க முடியாது. அவர்களைப் படை முழுக்க 'தம்பி' என்றே கூப்பிட்டார்கள், இன்றும் கூப்பிடுகிறார்கள். வடக்கிலிருந்து வந்த அதிகாரியும் 'தம்பி' என்றுதான் சொல்ல வேண்டும்.

சாப்பரும், அதே மாதிரி வேலைப் படையான பயனீரும் தப்பித்தார்கள், காலாட்படை தப்பவில்லை. அபூர்வம் என்று முதலில் சொன்னேனே, அதன் காரணம் இங்கே இருக்கிறது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத் தளபதியாக இருந்த பிரடெரிக் ராபர்ட்ஸுக்குத் தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்ற எண்ணம். பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானதும் அந்த எண்ணம் கொள்கையாயிற்று. வீர சாதி, வீரமில்லாத சாதி என்று பட்டியல் போட்டார்கள். சென்னைப் படைப்பிரிவுகள் சில கலைக்கப்பட்டன, சில பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பஞ்சாபிகளால் நிரப்பப்பட்டன. 7ஆம் சென்னைப் படை 1903இல் 67ஆம் பஞ்சாபிகள் என்று பெயரே மாறிப் போனது. தமிழன் படைக்குப் போகும் வாசல் ஒடுங்கிய அதே இருபது வருஷத்தில்தான் ஸ்டூடியோ மலிந்தது. படம் எடுக்கக் காசு கட்டுப்படியான காலத்தில் படம் எடுக்கச் சிப்பாய் குறைந்துவிட்டான்.

எஞ்சி நின்ற சாப்பர், பயனீர் படைகளில் பறையர்கள் ஏராளம். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். முகப்பும் வளவும் பட்டாலையும் உள்ள வீட்டில் படம் சுவரில் ஏறியது, தேக்குச் சட்டத்துக்குள் உட்கார்ந்தது, நூறு வருஷம் நிழலில் இருந்தது. ஒற்றை அறை வீட்டில் அது பென்ஷன் காகிதத்தோடு தகரப் பெட்டியில் கிடந்தது. கூரை ஒழுகினால் முதலில் நனைவது அதுதான். இந்தச் சீமையில் யார் படைக்குப் போனார்கள் என்று சுவரில் மாட்டிய படங்களை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் கணக்கு தப்பும். கடைக்கு வந்து சேரும் படங்களும் சுவரிலிருந்து இறங்கியவைதான். தகரப் பெட்டியிலிருந்து கடைக்கு எதுவும் வருவதில்லை.

செட்டிநாட்டுச் சுவர்களிலும் ஒரு எச்சரிக்கை தேவை. அங்கே உடுப்பு போட்டவரெல்லாம் பட்டாளம் அல்ல. பெரிய வீட்டு முகப்பில் கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் சுதையில் துப்பாக்கிக்காரச் சிப்பாய்கள் காவல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கோட்டு, பொத்தான், பெல்ட்டு எல்லாம் கொத்தனார் கைவண்ணம். எந்த ரெஜிமெண்டு என்று தேடுவது வீண். உடுப்பு இந்த ஊர்களில் ஒரு அலங்காரமாகவும் இருந்தது. கல்யாணத்துக்கு வந்த பேண்டு செட்டுக்காரர், ஜமீன் சேவகர், ரயில்வேக்காரர், ரயில்வே தொண்டர் படைக்காரர், பாரஸ்டு கார்டு, சிவப்புத் தலைப்பாகைப் போலீஸ் எல்லோரும் பித்தளைப் பொத்தான்காரர்களே.

திருக்கோஷ்டியூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் படத்தைக் காட்டி, "எங்க பாட்டையா. வெள்ளக்காரன் பட்டாளத்துல பெரிய உத்தியோகம் பாத்தாக" என்றார். நெட்டையான மனிதர், முழங்காலைத் தாண்டிய நீளக் கோட்டு, இடுப்பில் பட்டை, தோளிலிருந்து குறுக்கே ஒரு வார், அதன் நடுவில் முட்டை வடிவப் பித்தளைத் தகடு. அது டவாலி. கலெக்டர் கச்சேரியில் முன்னால் நடந்து வழி விலக்கும் டபேதாரின் அடையாளம். துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை, காலில் பட்டி சுற்றவில்லை. நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் ஆச்சி கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "கலெக்டரு அவுகளக் கேக்காம உள்ள யாரையும் விடமாட்டாராமே, அது மெய்தானே?" "மெய்தான் ஆச்சி." "அப்பறம் என்ன, பெரிய உத்தியோகந்தானே!" வாதத்தில் தோற்று, காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

விக்டோரியாவுக்குப் பிறகு வந்த படங்களில் வேலை எளிது. தலைமைத் தளபதி கிச்சனர் 1903இல் இந்தியப் படை முழுவதற்கும் ஒரே வரிசையில் எண் போட்டார். சென்னைப் படைகளின் பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டினார்கள். 3 அறுபத்து மூன்றாயிற்று, 13 எழுபத்து மூன்றாயிற்று. காக்கிச் சட்டையின் தோள்பட்டையில் அந்த எண் பித்தளையில் நிற்கும். 1922இல் எண்கள் மறுபடி கலைத்துப் போடப்பட்டன. ஆகவே தமிழ் முகமும் தோளில் அறுபத்துச் சொச்சம், எழுபத்துச் சொச்சம் எண்ணும் இருந்தால் அந்தப் படத்துக்கு வயது பத்தொன்பது வருஷ இடைவெளிக்குள் அடங்கிவிடும். வேறு ஆதாரமே வேண்டாம்.

அப்படி 63 என்று தெரிந்தால் அது பாளையங்கோட்டை லேசு காலாட்படை. சொந்த மண்ணின் பெயரைத் தாங்கிய படை. அதன் தலையெழுத்து கிழக்கு ஆப்பிரிக்காவில் எழுதியிருந்தது. 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கப்பல்களில் சுமார் எட்டாயிரம் பேரை அடைத்துக்கொண்டு போனார் ஜெனரல் எயிட்கன். கடலில் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தவர்களை நவம்பர் முதல் வாரம் தாங்கா துறைமுகத்தில் இறக்கி, நேரே சண்டைக்கு அனுப்பினார். எதிரே லெட்டோவ் ஃபோர்பெக்கின் ஜெர்மன் படை ஆயிரம் பேர் அளவில்தான் இருந்தது, ஆனால் இடம் தெரிந்த படை. ரப்பர்த் தோட்டமும் புதரும். குண்டடியில் கலைந்த தேனீக் கூட்டம் வேறு இரண்டு தரப்பையும் விரட்டிக் கொட்டியது. நவம்பர் 4 அன்று 63 உடைந்து ஓடியது. வெள்ளைக்கார எழுத்தாளர்கள் இதை இன்றுவரை சிரித்துக்கொண்டே எழுதுகிறார்கள். ஓடியவனைக் கப்பலில் அப்படி அடைத்துக் கொண்டுபோனது யார், வேவு பார்க்காமல் இறக்கியது யார் என்பதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். போருக்குப் பிந்தைய சீரமைப்பில் அந்தப் படைப்பிரிவே இல்லாமல் போயிற்று. இன்று 63 என்ற எண்ணோடு ஒரு படம் கிடைப்பது, இல்லாத ஒரு ஊரின் முத்திரை குத்திய கடிதம் கிடைப்பது போல.

இதே படத்தில் நெஞ்சைப் பார்க்க வேண்டும். மெடல் இல்லையென்றால் கப்பல் ஏறும் முன் எடுத்த படமாக இருக்கலாம். ஊருக்கு அனுப்ப ஒன்று, தனக்கு ஒன்று என்று பலர் அப்போதுதான் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். மெடல்கள் போர் முடிந்த பிறகே கைக்கு வந்தன. பெரிய போருக்குக் கொடுத்த வட்ட மெடல்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். படத்தில் படிக்க முடியாது. வீட்டில் மெடல் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. போர் மெடல் வெள்ளி என்பதால் தட்டார் பட்டறைக்குப் போனவையும் உண்டு. அதே மெடல் வெண்கலத்தில் இருந்தால் வேறு கதை. சுமை தூக்கியவர்களுக்கும் தொழிலாளர் படையினருக்கும் வெண்கலத்தில் கொடுத்தார்கள். சாவிலும் சலுகையிலும் தரம் பிரித்தது வெள்ளைச் சர்க்கார்.

திரும்பி வராதவர்கள் மெசபொடேமியாவில் அதிகம். பாஸ்ராவின் பெயரில் இருக்கும் நினைவுச் சின்னம் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கானது. கட்டியபோது வெள்ளைக்காரர் பெயரையும் இந்திய அதிகாரிகள் பெயரையும் கல்லில் வெட்டினார்கள். இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்டு வாரியாக இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். நம் ஊர்களில் சர்க்கார் நட்டுவைத்த பளிங்குப் பலகைகளும் அப்படியே. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்பதோடு சரி. பெயர்கள் காகிதத்தில் மட்டும் இருந்தன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இப்போது தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் தாலுகாவும் சேர்ந்தே இருக்கும்.

படத்தின் முதுகுக்கு வருவோம். நான் கடைக்காரர்களோடு சண்டை போடுவது இதற்காகத்தான். ஸ்டூடியோ முத்திரை, ஊர்ப் பெயர், சில சமயம் பென்சிலில் நெகட்டிவ் எண், தமிழில் ஒரு வரி எல்லாம் முதுகில்தான். அன்றைக்குச் சட்டம் போட்டவர் அளவுக்கு நறுக்கி, பசை தடவி, அட்டையில் ஒட்டிவிட்டார். இன்றைக்குச் சட்டம் உருவுகிறவர் அந்த அட்டையைக் கிழித்துக் குப்பையில் போடுகிறார். முன்பக்கம் இன்னொரு விபத்து. இந்தப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் ஏற்றுவது பெருவழக்கு. ஜரிகைக்குத் தங்கப் பொடி, கன்னத்துக்கு ரோஜா, பின்னால் திரைச்சீலைக்குப் பச்சை. பெண்களின் சேலைக்கு அழகுதான். உடுப்புக்கு ஆபத்து. ஓவியருக்கு ரெஜிமெண்டு தெரியாது. காக்கியை நீலமாக்குவார், சிவப்புக் கோட்டைக் கறுப்பாகவே பார்த்துக் கறுப்பு தடவுவார், எண்ணை அழித்து அங்கே ஒரு பூ வைப்பார். வண்ணம் ஏறிய படத்தில் நிறத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வடிவம் மட்டும்தான்.

1942க்குப் பிறகு கதை மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போகிறது. சிங்கப்பூர் அந்த வருஷம் பிப்ரவரி 15இல் விழுந்தது. அங்கே ஆங்கிலேயன் போட்டுவிட்டுப் போன காக்கித் துணியிலேயே இந்திய தேசிய ராணுவம் உடுத்தது. ஆகவே சின்னம் தெரியாத படத்தில் நேதாஜி படைக்காரரையும் பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாயையும் துணியை வைத்துப் பிரிக்க முடியாது. முதுகில் இருக்கும் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும்தான் பேசும். மலாயா ஊரின் முத்திரையும் 1943 என்ற ஆண்டும் சேர்ந்து வந்தால், அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். பெண்களின் படத்தில் குழப்பம் குறைவு. காக்கிச் சேலையில் இருப்பவர் பிரிட்டிஷ் இந்தியாவின் மகளிர் துணைப் படைக்காரர். கால்சட்டையும் தொப்பியுமாக நின்றால் லட்சுமி சுவாமிநாதன் நடத்திய ஜான்சி ராணிப் படை. அதில் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறைய.

அதே 1943இல் சிங்கப்பூர் டேங்க் ரோடு செட்டியார் கோயிலில் நடந்ததை நேதாஜியின் உதவியாளர் ஆபித் ஹசன் சொல்லியிருக்கிறார். நிதி தர அழைத்த செட்டியார்களிடம், எல்லாச் சாதி எல்லா மதத்தவரையும் உள்ளே விடுவதானால் வருகிறேன் என்றார் நேதாஜி. ஒப்புக்கொண்டார்கள். முஸ்லிம், கிறிஸ்தவ அதிகாரிகள் உடுப்போடு உள்ளே போனார்கள், நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். ராமானுஜர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் மந்திரம் சொன்ன கதை பிறந்த திருக்கோஷ்டியூரிலிருந்து நான் எழுதுவதால், இந்தக் கோயில் நிகழ்ச்சியை ஒரு வரியிலாவது சொல்லாமல் போக முடியவில்லை.

இப்போது படத்தின் பயணத்தில் புதிய நிறுத்தம் ஸ்கேனர். புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களை எண்ணியப்படுத்தியிருக்கிறார்கள். வீட்டில் செய்வதானால் சட்டத்தை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். முதலில் சட்டத்தோடு முன்னும் பின்னும் ஒரு படம். கழற்ற நேர்ந்தால் பின்னட்டையையும் ஆணியையும் அதே உறையில் வையுங்கள். குறைந்தது அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், நிறத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், கறுப்பு வெள்ளையில் அல்ல. தோள், காலர், பெல்ட்டுத் தகடு, பொத்தான், கால் பட்டி, நெஞ்சு நாடா ஆகியவற்றைத் தனித்தனியாகப் பெரிதாக்கிப் பாருங்கள். எண் கிடைத்தால் மேலே போகலாம். கிடைக்காவிட்டால் கிரீடம்.

பழைய படைப் பதிவுகளிலும் போர்க் கல்லறைப் பட்டியலிலும் ஊரைத் தேடும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். சிவகங்கை மாவட்டம் பிறந்தது 1985இல், அதற்கு முன் இது ராமநாதபுரம். ராமநாதபுரம் மாவட்டமே 1910இல் வந்தது, அதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் மதுரை. எனவே உண்மையான விக்டோரியா காலத்துச் சிப்பாயை மதுரையில் தேடுங்கள், 1914 போருக்குப் போனவரை ராம்நாட்டில் தேடுங்கள். அடுத்தது திருப்பத்தூர். படைக்கு ஆள் ஏராளமாகப் போன அன்றைய வட ஆற்காட்டிலும் ஒரு திருப்பத்தூர் இருந்தது. பெயரும் ஊரும் பொருந்தியதும் "எங்க தாத்தா கிடைச்சுட்டாக" என்று துள்ளிக் குதிக்காமல், பக்கத்தில் ராம்நாட் என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.